மோட்டாரின் நாடி

காரைக்கால் பிரதேசத்தில் மலை கிடையாது. மேடு என்று சொல்லத் தக்கவை ஆற்றுப் பாலங்கள்தாம். அரசலாற்றங்கரையிலிருந்து திருநள்ளாறு வரையில் ஒரு மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றால், எஞ்சினுக்கு மூச்சு வாங்கும்படியான ஏற்றம் ஒன்றுகூடக் குறுக்கிடாது. இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு தீமையும் உண்டு. நன்மை, பெட்ரோல் செலவு குறைவு என்பது. தீமை, எஞ்சினுக்கு நோய் கண்டாலும் அது வெகு நாள் வரையில் வெளியே தெரிவதில்லை என்பது. நாலு சிலிண்டரில் ஒன்று வேலை நிறுத்தம் செய்துவிட்ட பிறகும், மற்ற மூன்றும் சமதரையில் வண்டியை எப்படியோ இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. பிறகு ஒரு நாள், குடும்பத்தார் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுடன் ஏறிக்கொண்டு பாலத்தின் முகப்பை அடையும்போது வண்டி உதறுகிறது, விக்குகிறது, சைலன்சரில் ஒரு வெடி வெடிக்கிறது, நின்றே போகிறது.

பட்டறைகளில் இந்த நோய்க்கு "மிஸ்ஸிங்" என்று பெயர். சிலிண்டருக்குள் எரிய வேண்டிய பெட்ரோல் எரிய வேண்டிய சமயத்தில் எரியாமல் தவறிப் போவதே அது. நோய் சிறியதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் சிகிச்சைகள் சில சமயம் பிராணாபாயமானவை. "எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும்" என்பார் ஒருவர். "இந்தக் காலத்தில் இதையெல்லாம் வைத்துக்கொண்டிருக்கலாமா? எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்பார் இன்னொருவர். தகப்பனார் காலத்திலிருந்து வீட்டு வாசலில் நிற்கும் அம்பாஸடர் வண்டி, ஒரு பிளக்கின் குற்றத்துக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போவதைக் காட்டிலும் பரிதாபம் வேறு உண்டா?

பதிவுச் செலவும் இப்போது அற்பமன்று. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசாங்கம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. அத்தனையும் கொடுத்து ஒரு பழைய வண்டியைக் காப்பாற்ற விரும்புகிறவருக்கு, அதன் நாடியைப் பார்க்கவும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நம் நாட்டு வண்டி

இந்தியாவில் மோட்டார் செய்ய வேண்டுமென்ற ஆசை சுதந்திரத்துக்கு முந்தியது. மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா 1930-களிலேயே அதற்குத் திட்டம் தீட்டி வாதாடினார். அன்றைய பிரிட்டிஷ் சர்க்கார் ஆதரவு காட்டவில்லை. ஆயினும் முயற்சி நிற்கவில்லை. 1942-ல் பிர்லா குடும்பத்தார் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கினார்கள். 1944-ல் பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸை நிறுவினார். குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-ல் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1957-ல் பிறந்ததுதான் அம்பாஸடர். வடிவம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு; வளர்த்த கை நம்முடையது.

பிளக்கு, காயில் போன்ற நுண்ணிய உறுப்புகளும் படிப்படியாக இங்கேயே தயாராயின. பெங்களூரில் 1951-ல் மைகோ கம்பெனியும், சென்னைக்கு அடுத்த பாடியில் 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனியும் தோன்றின. மந்திரி முதல் வாடகை வண்டிக்காரர் வரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறி இறங்கிய அம்பாஸடரின் உற்பத்தி, 2014 மே 24-ஆம் தேதி நின்றது.

காரைக்கால்வாசிகள் இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்கலாம். 1739 முதல் இவ்வூரில் காலூன்றியிருந்த பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அறுபத்து மூன்றாவது ஆண்டில், அதாவது 2017-ல், அம்பாஸடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரெஞ்சுக் கம்பெனியாகிய பெழோ! பெயர் போயிற்று, ஆனால் வண்டிகள் இன்னும் நம்மிடந்தான் இருக்கின்றன. 'காரேஜ்' என்பதும் 'ஷோபர்' என்பதும் பிரெஞ்சுச் சொற்களே. ஷோபர் என்றால் உண்மையில் "சூடேற்றுகிறவர்" என்று பொருள். நீராவி யந்திரத்துக்குத் தீ மூட்டியவரின் பெயர் அது. நம் எஞ்சினுக்கு வந்திருக்கும் நோயும் தீ சம்பந்தப்பட்டதே.

மூன்று தேவைகள்

பெட்ரோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் நாலு காரியங்களை மாறி மாறிச் செய்கிறது. முதலில் பெட்ரோல் ஆவி கலந்த காற்றை உறிஞ்சுகிறது. பிறகு அதை நெருக்கி அமுக்குகிறது. மூன்றாவதாக, பிளக்கில் எழும் பொறியால் அது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நாலாவதாகப் புகை வெளியேறுகிறது. பிஸ்டன் நாலு முறை ஓடுவதற்குள் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகிறது. ஆகவே நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் நாலு சிலிண்டர் எஞ்சினில், நிமிஷத்துக்கு 6,000 பொறிகள் வேண்டும். அதாவது விநாடிக்கு 100. இவ்வளவு வேகத்தில் நடக்கும் வேலையில் ஒன்றிரண்டு தவறுவது அதிசயமன்று. தவறாமல் நடப்பதே அதிசயம்.

எரிவதற்கு வேண்டியவை மூன்றே: சரியான கலவை, போதிய அமுக்கம், தக்க சமயத்தில் வலுவான பொறி. மிஸ்ஸிங் என்றால் இந்த மூன்றில் ஏதோ ஒன்று இல்லை என்று அர்த்தம். நாலாவது காரணம் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

நோயை அலட்சியம் செய்வதால் நஷ்டம் உதறலோடு நிற்பதில்லை. எரியாத சிலிண்டர் சும்மா இருப்பதில்லை. மற்ற மூன்றும் அதையும் சேர்த்துச் சுமக்கின்றன. அதனுள் போகும் பெட்ரோல் வீணாவதோடு, சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்கிறது. ஒரு பிளக்கில் ஆரம்பித்த குற்றம் பிஸ்டன் ரிங் தேய்வதில் போய் முடிகிறது. நடுநிசியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சமயத்தில்தான் வண்டி காலை வாரும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது உதறுகிறது?

நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, பிறகே தணிக்கும் வழியைத் தேட வேண்டுமென்று வள்ளுவர் வைத்தியனுக்கு விதித்த ஒழுங்கு, மோட்டார் மேஸ்திரிக்கும் பொருந்தும். ஸ்பானரைத் தொடுமுன் கேள்வி கேட்க வேண்டும். நல்ல மேஸ்திரிக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கும் நடக்கும் சம்பாஷணை அநேகமாக இப்படி இருக்கும்:

"எப்போது உதறுகிறது ஐயா? நிற்கும்போதா, ஓடும்போதா?"

"நிற்கும்போது உதறுகிறது மேஸ்திரி. வேகம் எடுத்தால் சரியாகிவிடுகிறது."

"மழை நாளில் அதிகமா?"

"மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை."

இந்த இரண்டு பதில்களிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. நிற்கும்போது மட்டும் உதறி, வேகத்தில் தெளிந்தால், காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே புகுகிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். மழையிலும் விடியற்காலைப் பனியிலும் மட்டும் உதறினால் மின்சாரம் வழிதவறி ஓடுகிறது. குளிர்ந்திருக்கையில் நன்றாக ஓடி, அரை மணி சென்று சூடேறிய பிறகு தடுமாறி, ஆறினால் மீண்டும் சரியானால் காயிலைக் கவனிக்க வேண்டும். பாலம் ஏறும்போதும் முழுப் பாரத்தோடு போகும்போதும் மட்டும் விக்கினால் பொறி பலவீனமாக இருக்கலாம். அல்லது பெட்ரோல் போதாமல் இருக்கலாம். ஓயாமல், ஒரே தாளத்தில், எல்லா வேகத்திலும் உதறினால் ஒரு சிலிண்டர் அடியோடு செத்திருக்கிறது.

காரைக்காலில் மேடு இல்லாத குறைக்கு, பரீட்சை செய்ய ஓர் உபாயம் உண்டு. ஒதுக்குப்புறமான சாலையில் மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்தினால், சமதரையிலேயே எஞ்சினுக்கு ஏற்றத்தின் பாரம் கிடைத்துவிடும். ஒளிந்திருக்கும் மிஸ்ஸிங் அப்போது வெளியே வரும்.

குற்றவாளி யார்?

அடுத்தபடியாக, நாலு சிலிண்டர்களில் குற்றவாளி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சினின் வெற்று உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டு, மறுபடியும் ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். ஓட்டம் முன்னைவிட மோசமானால் அந்தச் சிலிண்டர் இதுவரையில் உழைத்துக்கொண்டிருந்தது. எந்த வயரைக் கழற்றினாலும் ஓட்டத்தில் மாறுதலே இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிற உத்தியோகஸ்தர்.

ஓடும் எஞ்சினில் வயரை வெறுங்கையால் தொடலாகாது. பாட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருக்கி அனுப்புகிறது. மேல் துண்டையும் தொங்கும் வேஷ்டித் தலைப்பையும் முதலில் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்; விசிறி அவற்றைப் பற்றினால் விடாது. பெட்ரோல் வாசனை உள்ள இடத்தில் பொறி பறக்க விடுவதும், பக்கத்தில் பீடி பற்றவைப்பதும் மகா ஆபத்து.

பிளக்கின் முகம்

குற்றவாளி தெரிந்ததும் அதன் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதைப் போன்றது இது. நுனி சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். உலர்ந்த கரிப்பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது; பொறி வரவில்லை. கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங்கோ வால்வு வழியோ தேய்ந்து எண்ணெய் மேலே வருகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் காற்று அதிகம், சூடும் அதிகம்.

பிறகு அந்தப் பிளக்கை நன்றாக உழைக்கும் வேறொரு சிலிண்டரில் போட்டு, அதனுடையதை இங்கே போட வேண்டும். மிஸ்ஸிங் பிளக்கோடு கூடவே இடம் மாறினால் குற்றம் பிளக்கினுடையது. புதியது போட்டால் தீர்ந்தது. மாறாவிட்டால் அடுத்து வயரை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு உறுப்புகளை மாற்றக்கூடாது என்பது இந்த வித்தையின் முதல் விதி. மாற்றினால் வண்டி சரியாகலாம். ஆனால் எதனால் சரியாயிற்று என்பது ஒருநாளும் தெரியாது. பையிலுள்ள பணத்தையும் தேவையில்லாத சாமான்களையும் மாற்றிக்கொள்ளும் வைத்தியம் அது.

உப்புக் காற்றின் சேஷ்டை

காரைக்காலில் மின்சாரப் பாதையைச் சோதிப்பதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு, எஞ்சினின் மேலும் வயர்களின் மேலும் மெல்லிய படலமாகப் படிகிறது. உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஈர உப்பின் வழியே மின்சாரம் ஓடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேட்க வேண்டியதேயில்லை. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேலேயே ஊர்ந்து போய்விடுகிறது. இருட்டில் பானட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், வயர்களைச் சுற்றி நீல ஒளி பூச்சி பறப்பதுபோல் மின்னுவதைக் காணலாம்.

மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மயிரிழை போன்ற கரிக்கோடு ஒன்று தென்பட்டால் அது மின்சாரம் போட்டுக்கொண்ட குறுக்குப் பாதை. அந்த மூடி இனி உதவாது. இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் சுரண்ட வேண்டும். எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவே போகும் எர்த் பட்டையை யாரும் நினைப்பதில்லை. கடற்கரை ஊரில் அது துருப்பிடித்து, ஆயிரம் மர்மங்களுக்குக் காரணமாகிறது.

மூடிக்குள் இருக்கும் பாயிண்ட் அடுத்தது. பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் அது திறந்திருக்கும்போது இடைவெளி, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு இருக்க வேண்டும். பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 25 பங்கு. மேஸ்திரிகள் இந்தப் பங்கைத்தான் "தௌ" என்பார்கள். பாயிண்ட் சீக்கிரம் சீக்கிரமாகக் கரிந்து போனால் பாயிண்டைக் குறை கூறாமல் கண்டன்சரைச் சோதிக்க வேண்டும்.

எஞ்சினைக் கழுவித் துடைத்த மறுநாளே வண்டி உதறி, கார்புரேட்டர் வழியே சீறினால், இரண்டு வயர்கள் இடம் மாறியிருக்கலாம். அம்பாஸடரின் பழைய 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் ரேடியேட்டர்ப் பக்கத்துச் சிலிண்டர் முதலாவது. பொறி போகும் வரிசை 1, 3, 4, 2.

காற்றும் பெட்ரோலும்

பொறி நன்றாயிருந்தும் நோய் தீராவிட்டால் கலவையைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன எஞ்சினில் முதல் இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே நுழைவாயில். கடைசி இரண்டுக்கும் ஒன்று. ஆகவே பக்கத்துப் பக்கத்து ஜோடி சேர்ந்து சோர்ந்திருந்தால், அந்த வாயிலின் காஸ்கெட் வழியே காற்று புகுகிறதென்று ஊகிக்கலாம். ஓட்டம் நடக்கும்போது அந்த இணைப்பில் சில துளி எஞ்சின் எண்ணெய் விட்டுப் பார்த்தால், துவாரம் சற்று அடைபட்டு உதறல் குறையும். அதுவே சாட்சி.

பெட்ரோலும் முன்போல் இல்லை. 2025-ல் நாடு முழுவதும் 100 பங்கில் 20 பங்கு எதனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் எதனால், அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணத்தை மிச்சப்படுத்துவது வாஸ்தவமே. ஆனால் அதற்கென்று செய்யப்படாத பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அது நாளடைவில் இளக்கிவிடுகிறது. கலவையில் காற்றின் விகிதத்தையும் கூட்டுகிறது. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கிறது. கடலோரத்தில் மாதக் கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டாங்கியில் தண்ணீர் அடியில் தங்குவதற்கு இது போதும். பழைய வண்டிக்கு எதனாலைத் தாங்கும் புதுக் குழாய் போடுவதும், வாரம் ஒரு முறையாவது வண்டியை ஓட்டுவதும் நல்லது.

கடைசியில் அமுக்கம்

பொறியும் சரி, கலவையும் சரி என்று தீர்ந்த பிறகே எஞ்சினுக்குள் சந்தேகத்தைச் செலுத்த வேண்டும். பிளக்குகளை எல்லாம் கழற்றி, பொறி பாயாதபடி காயிலின் இணைப்பைப் பிரித்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் மீட்டரால் அளக்க வேண்டும். அளவு எவ்வளவு என்பதைவிட, நாலும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம். அமுக்கம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டும் தாழ்ந்திருந்தால் நடுவே ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம்.

வால்வுக்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோல் வந்தது. குழந்தைகளின் மூளைக்கும் இரத்தத்துக்கும் விஷமாகிய ஈயம் போனது பெரும் புண்ணியம். ஆனால் பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் ஆசனத்தை அந்த ஈயந்தான் தேயாமல் காத்து வந்தது. அது போன பிறகு ஆசனம் தேய, வால்வு உள்ளே அமிழ, இடைவெளி குறைந்து, ஒரு நாள் வால்வு முழுதும் மூடாமலே நிற்கிறது. இடைவெளியைக் காலாகாலத்தில் சரிசெய்துகொண்டு வந்தாலே இந்த நோய் வெகுநாள் தள்ளிப் போகும். ஹெட்டைக் கழற்றும்படி நேர்ந்தால், கடினமான புது ஆசனங்களைப் பொருத்திவிடலாம்.

வித்தை யாருடையது?

புதிய கார்களில் இந்தச் சோதனைகளைக் கம்ப்யூட்டர் செய்கிறது. எஞ்சின் சுழலும் வேகத்தில் உண்டாகும் நுட்பமான தயக்கத்தைக் கணக்கெடுத்து, இன்ன சிலிண்டர் தவறுகிறது என்று அது குறித்து வைக்கிறது. வயரைக் கழற்றிக் காது கொடுத்துக் கேட்கும் பழைய மேஸ்திரியும் அதே தயக்கத்தைத்தான் கேட்கிறார். ஆனால் கம்ப்யூட்டர் சிலிண்டரின் இலக்கத்தைச் சொல்லும். காரணம் பிளக்கா, வயரா, வால்வா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு இன்னமும் மனிதனுடையதே.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு எந்தக் கலாசாலையிலும் யந்திர சாஸ்திரம் கற்கவில்லை. இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, திரும்பவும் பூட்டிக் கற்றுக்கொண்டார். 1920-ல் பஸ் ஓட்டத் தொடங்கியவர் பிறகு யந்திரங்களையே படைத்தார். சுதேசி என்பது நம் நாட்டில் செய்த பொருளை வாங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. அந்தப் பொருளின் உள்ளே நடப்பதை அறிந்து, பழுது வந்தால் நம் கையால் தீர்க்கத் தெரிந்திருப்பதே அதன் மறுபாதி. அந்தப் பாதி இல்லாதவனுக்கு எந்த நாட்டுச் சாமானும் அந்நியச் சாமான்தான்.

திருநள்ளாற்றுக்கு வந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டால் சனி பகவான்மீது பழி போடுவது பலருக்கு வழக்கம். பகவான் ஒரு ராசியிலிருந்து மறு ராசிக்குப் பெயர்வதற்கு இரண்டரை ஆண்டு ஆகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்க்க இரண்டரை நிமிஷம் போதும். முதலில் சுலபமானதைச் செய்துவிடலாமே!

ஒவ்வொரு பழைய வண்டியிலும் ஒரு பிளக் ஸ்பானர், ஒரு ஃபீலர் கேஜ், உலர்ந்த துணி, உபரியாக ஒரு பிளக்கு, ஒரு பாயிண்ட், ஒரு கண்டன்சர் ஆகியவற்றை வைத்திருப்பது உசிதம். வீட்டுப் பிள்ளைகளையும் பெண்களையும் பானட்டின் பக்கத்தில் நிற்க வைத்து இந்தச் சோதனைகளைக் காட்டுங்கள். வண்டி இன்னும் பத்து ஆண்டு ஓடலாம்; ஓடாமலும் போகலாம். காரணம் தெரியாமல் எதையும் தூக்கி எறியாத பழக்கம் அவர்களிடம் தங்கிவிடும்.